கத்துக்குட்டிக்கு மட்டமான ரூட்டர் போதுமா?

ரிட்டயர் ஆன பிறகு கார் ஷெட்டிலும் மொட்டை மாடியிலும் தச்சு வேலை பழகுகிறவர்கள் நம் புத்தூர், உறையூர், தில்லை நகர் பக்கம் இருக்கிறார்கள். அடியேனும் அதில் ஒருவன். எங்களைப் பார்த்தாலே பலரும் சொல்லும் புத்திமதி இது: "பொழுதுபோக்குக்குத்தானே சார்! ஆடித் தள்ளுபடியில் ஒரு ரூட்டர் வாங்கிப் போடுங்க. உங்களுக்கு அது போதும்."

(வைஃபை பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தில் காடி எடுக்கவும், பலகையின் விளிம்பை உருட்டவும் பயன்படும் மின்கருவியைச் சொல்கிறேன்.)

இந்தப் புத்திமதியை நான் ஒப்புக்கொள்வதில்லை. நியாயம் நேர்மாறாக இருக்கிறது. கைதேர்ந்த ஆசாரியிடம் மட்டமான மெஷினைக் கொடுத்தால், சத்தம் லேசாக மாறியதுமே ஸ்விட்சை அணைத்துவிடுவார். அறுபதுக்கு மேல் கற்றுக்கொள்ள வந்த நமக்கு எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்றே தெரியாது. கை பழகாதவனுக்குத்தான் நம்பகமான மெஷின் வேண்டும்.

டிரிம்மர் எனப்படும் சின்ன ரூட்டரே நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தில் பிட்டைக் கவ்விப் பிடித்திருப்பது 'காலெட்' என்ற சிறு பாகம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலும் பெல்லிலும் மெஷின் ஓட்டிய நம் ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் கை வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இன்னொன்று. கடைகளில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டும் இருக்கிறது, கால் அங்குலத் தண்டுள்ளதும் இருக்கிறது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அந்தக் காலெட்டில் 6 மி.மீ. பிட்டை மாட்டி முறுக்கினால் பிடித்ததுபோல்தான் இருக்கும். மரத்தில் வைத்ததும் நழுவும். காடி ஆழமாகிக்கொண்டே போகும், அல்லது பிட் கழன்றே வந்துவிடும். மெஷினோடு வரும் காலெட் எந்த அளவு என்று கேட்டால், தள்ளுபடி மேஜையில் நிற்கும் பையன், "எல்லாம் செட் ஆகும் சார்" என்கிறான்!

மலிவாக வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பென்ஷன்காரனுக்குக் காசின் அருமை தெரியாதா? ஆனால் கடைக்காரர் ஏன் தள்ளுகிறார் என்று கேளுங்கள். அட்டைப்பெட்டி கிழிந்ததால் என்றால் தாராளமாக வாங்கலாம். கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது என்றால் யோசிக்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்கிற பொருள், காலெட்டும் அப்படித்தான். இரண்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பர்ஸைத் திறவுங்கள். கிடைக்காத மெஷின் எத்தனை மலிவாக இருந்தாலும் அதிக விலைதான்.

என்னைக் கோபப்படுத்துவது அங்கே தொங்கும் போர்டு: "சலுகை விலைப் பொருட்கள் வாபஸ் வாங்கப்படமாட்டாது." 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. பழுதுள்ள பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அப்படியே. 'பிடிக்கவில்லை' என்று திருப்பித் தர இதில் இடமில்லை. பழுது இருக்க வேண்டும். எனவே பில்லைக் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே பிளக்கைச் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் பரணில் போடாமல், 30 நாளுக்குள் வேலை வாங்கிப் பாருங்கள்.

ஆடித் தள்ளுபடியில் எடுத்த வேட்டி சாயம் போனால் கரித்துணியாகவாவது ஆகும். ரூட்டரில் பிட் கழன்றால் போவது விரல். பெரியாஸ்பத்திரி நம் புத்தூரிலேயே இருக்கிறது என்பது, மட்டமான மெஷின் வாங்க ஒரு காரணமாகாது.