கேஸ் தீர்ந்துவிட்டதாம்

மே மாதம், பகல் ஒரு மணி. நாக்பூரிலிருந்து ஹைதராபாத் போகும் நெடுஞ்சாலையில் ஹிங்கண்காட் தாண்டியாயிற்று. வெளியே 45 டிகிரி. கார் பதினைந்து வருஷத்துப் பழசு. காலையிலிருந்து ஒழுங்காகக் குளிர்ந்துகொண்டிருந்த ஏ.சி.யிலிருந்து இப்போது வெந்நீர் அண்டாவுக்கு மேல் முகத்தை நீட்டியதுபோல அனல்தான் வருகிறது. பின் ஸீட்டில் பாட்டி புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். கோடை விடுமுறைக்குத் தில்லியிலிருந்தும் போபாலிலிருந்தும் காரிலேயே தெற்கே இறங்கும் குடும்பங்களுக்கு விதர்பா வைக்கும் பரீட்சை இது.

அடுத்த ஊரில் ஒரு தகரக் கொட்டகை. பானெட்டை முழுசாகத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "கேஸ் கதம் ஹோ கயா, சாப்."

பெட்ரோல் தீர்வதுபோல ஏ.சி. கேஸ் தீராது. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் ஸீல் வழியாகவும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவது உண்டு. அந்த மாதிரிக் கசிவு, குளிர் குறைகிறதே என்று பல வாரம் புலம்பவிட்டுத்தான் கைவிடும். காலையில் ஜில்லென்று இருந்தது மத்தியானம் செத்துப்போனால் ஒன்று பெரிய ஓட்டை. அல்லது கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத கோளாறு. பின்னதற்கே வாய்ப்பு அதிகம். செலவும் அதில்தான் குறைவு.

எனவே பர்ஸைத் திறப்பதற்கு முன் காற்றைக் கவனிக்க வேண்டும். காற்றே வரவில்லையா? ப்ளோயர் ஃப்யூஸைப் பார்க்கலாம். முதலில் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றின் வேகம் குறைந்துகொண்டே போனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கிறது. ஏ.சி. பட்டனை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் கால் மணி நேரம் ஓடவிட்டால் உருகிவிடும். முன் ஸீட்டில் இருப்பவர் காலில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். ஈரம் வெளியேறும் சின்னக் குழாய் அடைத்திருக்கும்.

ஓடும்போது குளிர்ச்சி, லெவல் கிராஸிங்கில் நின்றால் வெப்பம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்ஸர், அல்லது அதன் மின்விசிறி. உள்ளே உறிஞ்சிய சூட்டை வெளியே கொட்டுவது கன்டென்ஸரின் வேலை. பஞ்சும் புழுதியும் பூச்சியும் அப்பியிருந்தால் எங்கே கொட்டும்? விசிறி நின்றுவிட்டால் குழாய்க்குள் அழுத்தம் ஏறி, ஸ்விட்ச் ஒன்று கம்ப்ரஸரை நிறுத்திவிடும். எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினாலே பல வண்டிகள் பிழைத்துக்கொள்கின்றன. விசிறியில் மட்டும் கை வைக்கக் கூடாது. சும்மா இருப்பதுபோல இருந்து திடீரென்று சுற்றும்.

அடுத்தது 'டக்' சத்தம். ஏ.சி. பட்டனை அழுத்தும்போது கம்ப்ரஸரின் காந்தக் கிளட்ச் ஒட்டிக்கொள்ளும் சத்தம் அது. சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, ஒயர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கேஸ் குறைந்தாலும் இன்னொரு ஸ்விட்ச் கிளட்ச்சைத் தடுக்கும். கெட்டிக்கார மெக்கானிக்குகள் சிலர் அந்த ஸ்விட்சைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடுகிறார்கள். கம்ப்ரஸருக்கு எண்ணெயைச் சுமந்து வருவதே கேஸ்தான். அது இல்லாமல் ஓடினால் ஐம்பது ரூபாய் ஒயர் வேலை கம்ப்ரஸரையே தின்றுவிடும்.

உண்மையிலேயே கசிவு என்றால் அதற்கும் தடயம் இருக்கும். கேஸோடு எண்ணெயும் வெளியேறுவதால் இணைப்புகளில் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து கருத்திருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி விடும். ஓட்டையை அடைத்து, ட்ரையரை மாற்றி, வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அளவுக்கு எடை போட்டு நிரப்புவதுதான் முறை. வாக்குவம் பம்ப் இல்லாத கொட்டகையில் நிரப்பினால் உள்ளே தங்கிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாகி, குளிர்வதும் நிற்பதுமாக விளையாட்டுக் காட்டும்.

தொண்ணூறுகளின் அம்பாஸடர், கான்டெஸாவை ஆசையாக வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் சிக்கல். அக்காலத்து ஆர்-12 கேஸ் ஓஸோன் படலத்தை அரிப்பது. 1987இல் உருவான மான்ட்ரியால் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. 2010 முதல் அந்த கேஸ் பொதுப் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ பழைய மினரல் எண்ணெயோடு கலப்பதில்லை. எண்ணெயை மாற்றாமல் புது கேஸை ஏற்றினால் கம்ப்ரஸர் வறண்டு இறுகிப்போகும். சமையல் கேஸ் ரகத்தை ஏற்றினாலும் ஜோராகக் குளிரும் என்று சொல்பவர்கள் உண்டு. குளிரும்தான். ஆனால் கூலிங் காயில் இருப்பது பயணிகளின் மடிக்கு எதிரே. அது கசிந்தால் ஒரு தீக்குச்சி போதும்.

எதுவும் சரிவரவில்லையென்றால், ஏ.சி.யை அணைத்துவிட்டு ஒரு சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். அணைத்த பிறகும் கம்ப்ரஸர் பக்கம் ஊளையிட்டால் புல்லி பேரிங் போகிறது. பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்துவிடும். ஏ.சி.க்கு என்று தனி பெல்ட் உள்ள வண்டியானால் அதைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேரலாம். ஒரே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது என்றால் மேலே ஓட்டுவது விபரீதம்.

சத்தமில்லையா? ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டலாம். ஆனால் 45 டிகிரியில் காற்று உடம்பைக் குளிர்விக்காது. ஈரத் துணிதான் குளிர்விக்கும். விதர்பாவின் வறண்ட வெயிலில் வீட்டு ஜன்னல்களில் கூலர்கள் வேலை செய்வது இதே சூத்திரத்தில்தான். பாட்டியின் கழுத்தில் நனைத்த துண்டு, கையில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர். பேச்சு குழறினாலோ, சொன்னது புரியாமல் விழித்தாலோ மெக்கானிக்கைத் தேட வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்ப வேண்டும். மற்றபடி, பகல் முழுவதும் பாந்தர்கவடாவில் ஒரு லாட்ஜ் அறையில் படுத்துவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பினால் நள்ளிரவுக்குள் பைன்கங்கையையும் அடிலாபாத்தையும் தாண்டிவிடலாம்.