போமட் அடிக்க முதல்

லினக்ஸ் போட்ட கொம்பியூட்டர் ஒருநாள் லொகின் பண்ணினதும் வெறும் கறுப்புத் திரையைக் காட்டினால், எங்கட ஆக்கள் சொல்லுற வைத்தியம் ஒண்டுதான்: "போமட் அடிச்சுப் புதுசாப் போடு." விண்டோஸ் காலத்துப் பழக்கம் இது. பெரும்பாலும் தேவையே இல்லாதது. கம்பஸ் ஆய்வுக்கட்டுரையும் குடும்பப் படங்களும் அந்தப் பழக்கத்தோட சேர்ந்து அழிஞ்சு போகுது.

முதல்ல கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கோ. எழுத்து மட்டும் உள்ள ஒரு திரை வரும். அதில பெயரும் பாஸ்வேர்டும் குடுத்து உள்ளே போக முடிஞ்சால் சிஸ்டம் உயிரோடதான் இருக்கு. டிஸ்க் நிரம்பியிருக்கோ எண்டும் பாருங்கோ. இடமில்லாட்டிலும் இப்படி நடக்கும். பிறகு புதுசா ஒரு யூசரை உருவாக்கி லொகின் பண்ணுங்கோ. அங்க எல்லாம் ஒழுங்காக வந்தால், பழுது உங்கட ஹோம் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஒரு சின்ன அமைப்புக் கோப்பில. ஹோமைத் தனிப் பார்ட்டிஷனில வைச்சிருக்கிறவர்கள் ஓஎஸ்ஸை எத்தனைதரம் மாற்றிப் போட்டாலும் அதே கறுப்புத் திரை திரும்ப வாறதுக்குக் காரணமும் இதுதான்.

இந்தக் கோப்புகள் கெடுறதுக்கு ஒரு முக்கிய காரணம் கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு பாதியில நிற்கும், அல்லது பூச்சியம் பைட்டாகும். 2009இல் எக்ஸ்ட்4 புதுசாக வந்தபோது கேடிஈ, க்னோம் பாவிச்சவர்களின் அமைப்புக் கோப்புகள் இப்படி வெறுமையாகி, பிழை கோப்பு முறைமையிலா செயலிகளிலா எண்டு பெரிய சண்டையே நடந்தது. 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்டில, யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டொப் வைச்சிருக்கிற எங்களுக்கு இது பழங்கதை இல்லை.

எக்ஸ்எஃப்சிஈ பாவிக்கிறவர்கள் என்றால், டெஸ்க்டொப்பில இருந்து வெளியேறி, அந்த எழுத்துத் திரையில இருந்தே 'டொட் கொன்ஃபிக்' ஃபோல்டருக்குள்ள உள்ள 'எக்ஸ்எஃப்சிஈ4' இன் பெயரை மாற்றுங்கோ. அழிக்க வேண்டாம். திரும்ப லொகின் பண்ணினதும் ஆரம்ப அமைப்போட டெஸ்க்டொப் தானாக உருவாகும். பழைய ஃபோல்டரில பெரும்பாலானவை சாதாரண எழுத்துக் கோப்புகள்தான். திறந்து வாசிக்கலாம், நல்லதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவரலாம்.

க்னோம்காரர்மேல எனக்குக் கோபம் இந்த இடத்திலதான். அமைப்புகளை எல்லாம் கண்ணால வாசிக்க முடியாத ஒரே பைனரிக் கோப்பில அடைச்சு வைச்சிருக்கினம். வேகத்துக்காகத்தான், விளங்குது. ஆனால் அது கெட்டால் திறந்து எந்த வரி பிழை எண்டு பார்க்க வழியில்லை. கோப்பையே ஒதுக்கிவைச்சு முதல்ல இருந்து தொடங்கவேணும். க்னோம் பாவிக்கிறவர்கள் 'டிகொன்ஃப் டம்ப்' கட்டளையால அமைப்புகளை எழுத்துக் கோப்பாக எடுத்து ஒரு பென்டிரைவில போட்டு வையுங்கோ, கரண்ட் இருக்கும்போதே.