கள்ளுக்கடை இடம் மாறியிருக்கிறது



இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக வலிமிகும் இடங்களைப் பற்றியும் கட்டுரைப் பயிற்சியைப் பற்றியும் எழுதி வருகிறேன். இன்று பேரங்காடியில் பீர் வாங்குவதைப் பற்றி எழுதப் போகிறேன். வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். படித்து முடித்தபின் உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. வீட்டுக்கு மைத்துனர் வருவதாக இருந்தார். அவர் சாதாரண பீரைத் தொடமாட்டார். சிறு ஆலைகளில் வடிக்கப்பட்டு, வண்ணவண்ண டின்களில் வருகிற கிராப்ட் பீர்தான் அவருக்குப் பிடிக்கும். ஆகவே மாவு, நெய், முறுக்கு அச்சு ஆகியவற்றோடு அதையும் வாங்கிவிடலாம் என்று பேரங்காடிக்குப் போனேன். நம் நாட்டுப் பேரங்காடிகளின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். ஹலால் அல்லாத பொருள்களுக்கு ஒரு தனிப்பகுதி இருக்கும். பன்றி இறைச்சியும் மதுபானமும் அங்கேதான். பணம் கட்டுவதற்கும் அங்கேயே தனி முகப்பு. அந்தப் பகுதிக்குள் நுழைந்து, டின் ஒன்று பதினெட்டு வெள்ளி வீதம் நான்கு டின்களைக் கூடையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

எதிரே என் வகுப்பு மாணவன் நின்றிருந்தான். நான்காம் ஆண்டு. வாசிப்பில் கெட்டிக்காரன், சபை வணக்கத்தின்போது நானே மேடையேற்றிப் பாராட்டிய பிள்ளை. இரண்டு கைகளிலும் இரண்டு டின்களை வைத்துக்கொண்டு, அவற்றில் எழுதியிருந்ததைத் தன் தந்தைக்கு உரக்க வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கும்பிட வேண்டும் என்று நான்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்? டின்களைக் கீழே வைக்கத் தோன்றாமல், அவற்றைப் பிடித்தபடியே இரு கைகளையும் சேர்த்து, "வணக்கம் சார்" என்றான்.

பிறகு என் கூடையை எட்டிப் பார்த்தான். "அப்பா, சாரும் இதான் வாங்கியிருக்காரு!"

தந்தையார் மகிழ்ச்சியோடு சிரித்தார். "நல்ல ரசனை சார் உங்களுக்கு. இது குடிகாரங்க வாங்குற சரக்கு இல்ல" என்றார். நானும் சிரித்து வைத்தேன். டின்னின் மேல் மாம்பழப் படம் போட்டிருந்தது. "சார், இது மாம்பழ ஜூஸ் மாதிரி இருக்குமா?" என்று பிள்ளை கேட்டான். அதற்கும் என்னிடம் சிரிப்பைத் தவிர வேறு விடை இருக்கவில்லை. இருபது ஆண்டுக்கும் மேலாகக் கரும்பலகையின் முன் நிற்கிறவன், ஒன்பது பத்து வயதுப் பிள்ளையின் கேள்விக்கு விடை தெரிந்திருந்தும் சொல்லாமல் நின்றேன்.

விடுமுறை முடிந்து சில வாரங்கள் சென்றன. நலக்கல்விப் பாடத்தில் மதுவின் தீமை வந்தது. குடிப்பழக்கத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளை இப்படி எழுதியிருந்தான்: "கள்ளுக்கடையில் குடிப்பவர் குடிகாரர். எங்கள் அப்பா பேரங்காடியில் வாங்குவார்."

எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழையும் இல்லை. நான் சிவப்பு மையை எடுத்துவிட்டு எதைத் திருத்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்த இரண்டு வாக்கியங்களும் அவன் சொந்தமாகக் கண்டுபிடித்தவை அல்ல. நாம், படித்த தமிழர்கள், சொல்லாமல் சொல்லிக் கொடுத்தவை.

நான் கெடா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். என் தந்தையார் பால்மரம் சீவியவர். மாலையானால் கள்ளுக்கடைப் பக்கம் போவார். அங்கிருந்து அவரைக் கைப்பிடித்து லயத்துக்கு அழைத்து வருவது என் வேலையாக இருந்தது. வழியில் என் ஆசிரியரைக் கண்டுவிடக் கூடாதே என்று அஞ்சி அஞ்சி நடப்பேன். அந்த அச்சமும் அவமானமும்தான் பின்னாளில் என்னைக் காப்பாற்றின என்று நம்புகிறேன். இன்றைய பிள்ளைக்கு அந்த அவமானம் கிடையாது. அது நல்லதுதான், எந்தப் பிள்ளையும் தகப்பனை நினைத்துக் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆனால் அவமானத்தோடு சேர்த்து எச்சரிக்கையையும் நாம் தூக்கி எறிந்துவிட்டோம். குளிர்சாதனமும் பளபளப்பான அடுக்குகளும் வந்தவுடன், உள்ளே இருக்கும் பொருளே மாறிவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

இதைச் சொன்னால் எழுகிற மறுப்புகளை நான் அறிவேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் மறுப்பு: "கிராப்ட் பீர் தரமானது, சுவைக்காக அருந்துவது, போதைக்காக அன்று."

கணக்கு ஆசிரியராகவும் இருந்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான பீர் டின் 320 மில்லிலிட்டர். மதுச்சத்து 5 விழுக்காடு. அதாவது 16 மில்லிலிட்டர் தூய மது. நான் வாங்கிய டின் 330 மில்லிலிட்டர், 7 விழுக்காடு. அதாவது 23 மில்லிலிட்டர். ஏறத்தாழ ஒன்றரை மடங்கு! மாம்பழப் படம் போட்ட டின்தான் கடுமையானது. சுவைக்காக அருந்தினாலும் போதைக்காக அருந்தினாலும் கல்லீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 1988லேயே மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. அந்த அறிவிப்பில் கைவினைப் பீருக்கென்று தனி விலக்கு ஏதும் இல்லை.

இரண்டாவது மறுப்பு: "பேரங்காடியில் வாங்குவது பாதுகாப்பானது. கள்ளச்சாராயம் குடித்துச் சாவதைவிட மேல் அல்லவா?"

இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து எத்தனை பேர் மாண்டார்கள் என்பதை மறக்க முடியுமா? அவர்களுள் பலர் பிழைப்பு தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். சம்சு என்னும் பேய் நம் ஏழைக் குடும்பங்களை எப்படித் தின்றது என்பதையும் கண்டவன் நான். முறையாக வரி செலுத்தி, முத்திரையோடு விற்கப்படும் பீரில் மெத்தனால் இருக்காது. நல்லது. ஆனால் நஞ்சு கலக்காதது என்பதால் பிள்ளையின் கையில் கொடுக்கத் தக்கது என்று ஆகிவிடுமா? நான் பேசுவது நீங்கள் உயிரோடு இருப்பீர்களா என்பதைப் பற்றி அல்ல; உங்கள் பிள்ளை எதைப் பார்த்து வளர்கிறான் என்பதைப் பற்றி.

மூன்றாவது மறுப்புத்தான் மிகவும் வலுவானது. சத்தமாகவும் சொல்லப்படுவது. "இது முஸ்லிம் அல்லாதாரின் உரிமை. நீர் அவர்களுக்குத் துணை போகிறீரா?"

2017இல் கோலாலம்பூரில் நடக்கவிருந்த கிராப்ட் பீர் விழாவுக்கு மாநகர் மன்றம் அனுமதி மறுத்தது. 2020 நவம்பரில், மளிகைக் கடைகளிலும் வசதிக் கடைகளிலும் சீன மருந்துக் கடைகளிலும் கடுமையான மதுவகைகளை விற்கக் கூடாது என்றும், பீரைக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை விற்கலாம் என்றும் அதே மன்றம் வழிகாட்டி நெறிகளை அறிவித்தது. அப்போதெல்லாம் உரிமைக் குரல் எழுந்தது. நானும் அந்தக் குரலோடு உடன்படுகிறவன்தான். ஒருவர் சமயத்தின் பெயரால் இன்னொருவரின் குவளையைப் பறிப்பது முறையன்று. கடையை மூடு என்று நான் எந்த மன்றத்துக்கும் மனுப் போடமாட்டேன்.

ஆனால் அன்பர்களே, உரிமை வேறு, பெருமை வேறு. அந்தத் தனிப்பகுதியின் வாசலில் உள்ள பலகை முஸ்லிம் சகோதரர்களின் சமயத்தை மதித்து வைக்கப்பட்டது. நாமோ அதை, "இது நம்ம இடம்" என்று எழுதிய பலகையாகப் படிக்கிறோம். அவர்களுக்குத் தடை என்றால் நமக்கு அது பண்பாடு என்று பொருளா? மதுவை எதிர்ப்பது அவர்கள் வேலை, அருந்துவது நம் அடையாளம் என்று நம் பிள்ளைகள் எண்ணும்படி விடுகிறோமே, இதைவிடப் பெரிய வரலாற்று மறதி உண்டா?

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய போராட்டம் அது. என்னென்ன கேட்டார்கள்? கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். கல்வியும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இருந்தன என்பதைக் கவனியுங்கள். ஒன்று வர வேண்டுமானால் மற்றது போக வேண்டும் என்று, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அந்த மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போர் முடிந்தபின் 1947இல் என் சொந்த மாநிலமான கெடாவில், தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து காவல்துறையின் தடியடியை வாங்கினார்கள்.

எந்த மதவாதியும் அவர்களைத் தூண்டிவிடவில்லை. எந்த அரசாங்கமும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை. மது எதிர்ப்பு என்பது நம் பாட்டன் பாட்டியின் சொத்து. அதை யாரிடமிருந்தும் நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. யாருக்கும் அஞ்சி விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2017 டிசம்பர் 1 முதல், மது வாங்குவதற்கான குறைந்த வயது 18லிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. டின்னில் "மெமினும் ஆராக் போலே மெம்பஹாயாக்கான் கெசிஹாத்தான்" என்று, மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பதும் சட்டம். என் மாணவன் அதையும் வாசித்திருப்பான். மலாயிலும் அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் எழுத்தைத் தந்தையின் கை மறுத்துவிடுகிறது. டின்னில் "கேடு" என்று இருக்கிறது; அப்பா காசு கொடுத்து வாங்குகிறார்; சார் கூடையிலும் இருக்கிறது. பிள்ளை எதை நம்புவான்?

ஆகவே நான் கேட்பவை சிலவே.

பெற்றோர்களே, குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் பகுதிக்குள் பிள்ளையை அழைத்துச் செல்லாதீர்கள். எடுத்து வரச் சொல்லாதீர்கள். வாசிக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் விருந்தினர்க்குக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஏவலாளாகப் பிள்ளையை ஆக்காதீர்கள். அவன் கேட்டால், "இது மது, இதில் கேடு உண்டு, எனக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது" என்று உண்மையைச் சொல்லுங்கள். "இது வேறு மாதிரி" என்ற பொய்யை மட்டும் சொல்லாதீர்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, பள்ளி நிதி திரட்டும் விருந்துகளில் மேசைக்கு மேசை பீர் வைக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். பிள்ளைகள் மேடையில் ஆடிக்கொண்டிருக்க, கீழே போத்தல்கள் உருளும் காட்சியை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கட்டடம் எழும்பும், அதற்குள் என்ன கற்பிப்பது?

ஆசிரியர்களே, நம்மைப் பற்றியும் ஒரு சொல். நாம் ஊரில் வாழ்கிறோம். பேரங்காடியும் ஊரில்தான் இருக்கிறது. தொலைவான கடைக்குப் போய் ஒளிந்து வாங்கலாம் என்ற யோசனை எனக்கும் வந்தது. அது என் தந்தையை மறைக்க நான் இருட்டில் நடந்த நடையைப் போன்றதே. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இப்போது மைத்துனர் வந்தால் மோர் கொடுக்கிறேன். முணுமுணுக்கிறார், ஆனால் குடிக்கிறார். எழுபத்திரண்டு வெள்ளிக்கு வகுப்பு நூலகத்துக்குக் கதைநூல்கள் வாங்கி வைத்தேன். அது பரிகாரம் அல்ல, வெறும் கணக்கு.

அந்தப் பயிற்சி ஏட்டைத் திருத்தாமல் பல நாள் வைத்திருந்தேன். கடைசியில் அவனை அருகில் அழைத்து உட்கார வைத்து, "எந்தக் கடையில் வாங்கினாலும் அது மதுதான். அன்றைக்கு நீ கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டும். சார் செய்ததும் தவறு" என்றேன். சற்று நேரம் யோசித்தான். பிறகு, "அப்போ அப்பாகிட்ட நீங்களே சொல்றீங்களா, சார்?" என்று கேட்டான்.

அதனால்தான் இதை எழுதினேன். அந்தத் தந்தையார் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். ஐயா, உங்களைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. நாம் இருவரும் ஒரே வரிசையில் நின்றவர்கள். அந்த வரிசையைவிட்டு இருவரும் சேர்ந்தே வெளியே வருவோம். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான்.