உழவர் சந்தையும் நமது கடைகளும்



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மளிகைக் கடைக்காரர் இருவர் சந்தித்தால் இப்போது பேச்சு உழவர் சந்தையில்தான் போய் முடிகிறது. காய்கறியோடு நின்றவரை அது காய்கறிக்காரர் கவலையாக இருந்தது. உழவர் சந்தைகளை மாலை நேரத்திலும் திறந்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் சிறுதானியம், பயறு, நாட்டுச்சர்க்கரை, செக்கு எண்ணெய் ஆகியவற்றை விற்கலாம் என்று 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது முதல், கவலை நமது கல்லாப்பெட்டிக்கே வந்துவிட்டது. சந்தைக்கு எதிராக மனு கொடுக்க வேண்டும், தேவையானால் ஒருநாள் கடையடைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

பழைய கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறோம். 1999 நவம்பர் 14 அன்று அன்றைய முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார். பஞ்சாபில் 1987-லேயே 'அப்னி மண்டி' வந்துவிட்டது. ஆந்திராவில் 'ரைத்து பஜார்' அதே 1999-ன் ஜனவரியில் வந்தது. தமிழ்நாட்டில் ஓராண்டுக்குள் நூறு சந்தைகள் ஆயின. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அந்த வரிசையில்தான் சந்தை வந்தது. அப்போது எங்கள் மண்டியில் இரவு உட்கார்ந்து, "இனி ஆறு மாதம் தாங்குமா?" என்று கணக்குப் போட்டோம். இருபத்தைந்து ஆண்டு தாங்கிவிட்டது. ஆட்சி மாறியபோது சில ஊர்களில் சந்தை களையிழந்ததும், 2006-க்குப் பின் மறுபடி உயிர் பெற்றதும் நாம் கண்ணால் கண்டவை.

ஏன் தாங்கினோம் என்று பார்க்க வேண்டும். உழவர் சந்தையில் விலைப்பலகை எழுதுகிறார்களே, அந்த விலை எங்கிருந்து வருகிறது? அதிகாலையில் மொத்த விற்பனை விலையை விசாரித்து, அதற்கு மேல் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது சேர்த்து, சில்லறை விலையைவிடப் பதினைந்து விழுக்காடு அளவுக்குக் குறைவாக வைப்பது என்பதுதான் ஏற்பாடு. மண்டியில் ஏலம் விழாவிட்டால் பலகையில் எழுத எண் கிடைக்காது. மண்டியை ஒழிக்க வந்ததாக நாம் பயந்த சந்தைக்கு மண்டிதான் அளவுகோல்!

இன்னொன்று, சந்தை நம் மண்ணில் விளைவதை நம்பி நிற்பது. கத்தரி, வெண்டை, முருங்கை, கீரை எல்லாம் அங்கே பசுமையாகக் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. நாசிக் வெங்காயமும் ஆக்ரா உருளையும் மண்டி வழியாகத்தான் வந்தாக வேண்டும். 2024 டிசம்பர் முதல் தேதியை இவ்வட்டாரத்தார் மறக்க மாட்டார்கள். ஃபெங்கல் புயல் கரை கடந்த மறுநாள் காலை மயிலத்தில் 51 செ.மீ. மழை அளந்தார்கள். தோட்டங்கள் தண்ணீரில் கிடந்தன. கீரைக்காரரும் கத்தரிக்காரரும் எதைக் கொண்டு வந்து உட்காருவார்கள்? வெளியூர் லாரி வந்து சேரும் வரை நாங்கள் தூங்கவில்லை. அந்த வாரம் ஊருக்கு மண்டி தேவைப்பட்டது. மண்டிக்கு ஊர் எப்போதும் தேவை.

இதைச் சொல்லிவிட்டு நமது குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. உழவர் ஏன் சந்தைக்குப் போனார்? நூற்றுக்குப் பத்து கமிஷன், இறக்குகூலி, இவை போக மூட்டைக்கு ஒரு கிலோ 'கழிவு' என்று எடுக்கும் வழக்கம் எங்கள் மண்டியிலும் இருந்தது. எங்களிடம் இருபது வருடம் கத்தரிக்காய் போட்ட பெரியவர் ஒருவர் சந்தைக்குப் போன பிறகு வழியில் பார்த்தார். "முதலாளி, அங்க வாடகை கிடையாது, தராசு கவர்மெண்டு குடுக்குது, நான் நிறுத்தது எனக்கே தெரியுது" என்றார். சண்டையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. அந்த மாதமே கழிவை நிறுத்தினோம். நஷ்டம் என்று பார்த்தால், போனவர்களில் பாதிப்பேர் மிச்சச் சரக்கோடு மறுபடி வந்தார்கள். காலையில் சந்தையில் விற்றது போக மூட்டைக் கணக்கில் இருப்பதை யார் எடுப்பார்கள்?

ஆகவே மனு கொடுப்பதானால் எதற்குக் கொடுப்பது என்பதே கேள்வி. எங்கள் கருத்தில் குறை சந்தையில் இல்லை, அட்டையில் இருக்கிறது. நிலம் வைத்துப் பயிரிடுகிறவர் என்று அதிகாரிகள் பார்த்துப் புகைப்பட அட்டை தருகிறார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு கோயம்பேட்டிலிருந்து வாங்கி வந்து உழவர் பெயரில் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாடகை, மின்கட்டணம், உரிமம், ஆளுக்குச் சம்பளம் என்று அத்தனையும் கட்டும் காய்கறிக் கடைக்காரருக்கு அது அநியாயம். உண்மையான உழவருக்கு அதைவிட அநியாயம், அவருடைய இடம் போகிறது.

மளிகைக்காரர் கவலைக்கு வருகிறோம். பயறும் எண்ணெயும் சந்தையில் விற்கட்டும், ஆனால் ஒரே சட்டம் இருக்கட்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டுப் பெயர் ஒட்டிய அரிசி பருப்புக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. நாம் கட்டுகிறோம். உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுக்கிறோம், தராசுக்கு முத்திரை வைக்கிறோம். அங்கே பொட்டலமிட்டு விற்பவருக்கும் அதே விதியைக் கேட்பதில் தவறில்லை. மற்றபடி கால் கிலோ, ஐம்பது கிராம் என்று கேட்ட அளவில் கொடுப்பதும், மாதக் கணக்கு நோட்டு வைப்பதும், பண்டிகைக்கு வீட்டுக்கே மூட்டை அனுப்புவதும் மாலைச் சந்தையால் ஆகாத வேலை. உண்மையில் நமது வாடிக்கையைத் தின்று கொண்டிருப்பது குளிர்சாதனம் போட்ட பெருங்கடைகள். அங்கே போகிறவரைத் திருப்ப நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. சந்தைக்கு வருகிறவர் கையில் பை இருக்கிறது, திரும்பும் வழியில் புளியும் மிளகாயும் வாங்கத்தான் போகிறார். அந்த வழியில் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் சந்தை வந்த பிறகு காலை வியாபாரம் கூடியதாகவே சொல்கிறார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேச இருக்கிறோம். கடையடைப்பு வேண்டாம். அட்டைகளை ஆண்டுக்கொரு முறை நிலத்தில் போய்ச் சரிபார்க்க வேண்டும், பொட்டலப் பொருளுக்கு ஒரே விதி வேண்டும் என்ற இரண்டே கோரிக்கையோடு வேளாண் விற்பனைத் துறை அதிகாரிகளைப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். நமது உறுப்பினர்களில் எவரேனும் உறவினர் பெயரில் அப்படியோர் அட்டை வாங்கி வைத்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கு வரட்டும்.