நாற்றங்காலில் நெல் கேட்கலாமா?

சென்ற ஜூன் மாதத்தில் சுந்தரபாண்டியத்திற்குச் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். நெய்த துணியை ஒப்படைத்துக் கூலி பெற வந்த மூத்த அங்கத்தினர் ஒருவர், பணத்தை எண்ணி மடியில் முடிந்துகொண்டு, செயலாளரிடம் முன்பணம் ஏதேனும் கிடைக்குமா என்று விசாரித்தார். மூன்று வயதுப் பேத்தியை நகரத்து நர்சரிப் பள்ளி ஒன்றில் சேர்க்க வேண்டுமாம். மகளின் கம்மலை அடகு வைத்தும் தொகை போதவில்லையாம்.

"அங்கே குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்?" என்று கேட்டேன்.

"ஐயா, ஆறு மாதத்தில் ஏ, பி, சி, டி முழுவதும் எழுதிவிடும். நம் தெருப் பாலர் வகுப்பிலே வெறும் விளையாட்டுத்தான்" என்றார் அவர்.

அவரைக் குறை கூற எனக்கு யோக்கியதை இல்லை. பட்டம் பெற்றவன் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆயினும் என் மகளுக்கு மூன்றரை வயது நிறைந்தபோது நானும் அதையே செய்தேன். அவளை நான் சேர்த்த பள்ளியில் தினம் ஒரு பக்கம் எழுதிவர வேண்டும் என்பது கட்டளை. மாலைதோறும் அவள் விரல்களைப் பிடித்து நான் எழுதவைத்தேன். எழுதிய பக்கங்களை வீட்டிற்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையுடன் காட்டினேன். ஒரு நாள் அவளுடைய நோட்டுப் புத்தகம் காணாமற்போயிற்று. இரண்டு நாள் தேடிய பின் அரிசி டிரம்மின் அடியில் அகப்பட்டது. ஒளித்துவைத்தவள் அவளேதான். நான்கு வயதுக் குழந்தையின் மணிக்கட்டிலுள்ள சிற்றெலும்புகள் யாவும் இன்னும் எலும்பாக முற்றியிருப்பதில்லை என்ற செய்தியை அதன் பிறகே நான் படித்து அறிந்தேன். கை தயாராகுமுன் பென்சிலைத் திணித்துவிட்டு, "குழந்தைக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று வருந்தியிருக்கிறேன்.

ஆகவே அந்த அங்கத்தினர் "வெறும் விளையாட்டு" என்று சொன்ன பாலர் வகுப்பைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிற்று. மறுநாள் காலையில் அங்கன்வாடியில் அனுமதி பெற்று ஒன்றரை மணி நேரம் ஒரு மூலையில் அமர்ந்திருந்தேன்.

குழந்தைகள் வந்ததும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாடினார்கள். பிறகு நால்வர் ஐவராகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் புளியங்கொட்டையையும் ஆமணக்கு முத்தையும் கலந்து வைத்ததை இரு கிண்ணங்களில் பிரித்தது. இன்னொரு கூட்டம் களிமண்ணை உருட்டித் தேர் செய்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைத் தந்தையின் தோள்மீது அமர்ந்து பார்த்த குழந்தைகள் அல்லவா? ஒரு சிறுமி நூலில் மணி கோத்தாள். ஏழெட்டு முறை தவறிற்று. அடுத்த முறை கோத்துவிட்டாள். ஆசிரியை அருகில் இருந்தும் அவள் கையிலிருந்து அதை வாங்கவில்லை. பின்னர் கதை நடந்தது. கதை முடிந்ததும், நரி ஏன் ஓடிற்று என்று ஆசிரியை கேட்க, ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முடிவில் கை கழுவி, வரிசையாக அமர்ந்து, எல்லோருக்கும் தட்டு வரும்வரை காத்திருந்து உண்டார்கள்.

இவற்றில் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் படிப்பு எங்கே இல்லை? கொட்டையைப் பிரிக்கும் குழந்தை இனம் காண்கிறது. கணிதத்தின் முதற்படி அது. மணி கோக்கும் விரல் நாளைக்குப் பேனாவைப் பிடிக்கும் விரல். நரி ஓடியதற்குக் காரணம் சொல்லும் நாவே, பின்னால் தேர்வில் சொந்த வாக்கியம் எழுதப் போகிறது. தட்டு வரும்வரை காத்திருப்பதோ எல்லாவற்றிலும் பெரிய பாடம். என் முறை வரும், உன் முறையும் வரும். இந்தப் பொம்மை எனக்கு மட்டும் உரியதன்று, எல்லோருக்கும் உரியது. நெசவாளர் வீட்டுக் குழந்தையும் விவசாயி வீட்டுக் குழந்தையும் ஒரே பாயில் உட்காரலாம். இதைத்தானே நாம் நாற்பது வயதில் பொதுக்குழுக் கூட்டத்தில் கற்றுக்கொள்ளத் திணறுகிறோம்! பங்குத் தொகை இல்லாமல் நம் குழந்தைகள் சேரும் முதல் கூட்டுறவுச் சங்கம் பாலர் வகுப்பு என்று சொன்னால் மிகையாகாது.

"இந்த விளையாட்டைத் தெருவிலேயே விளையாடிவிட்டுப் போகலாமே" என்று சிலர் கேட்கக்கூடும். தந்தை தறிக்குழியிலும் தாய் இராட்டையிலும் இருக்கும் வீட்டில் குழந்தையுடன் பேச யாருக்கு நேரம் இருக்கிறது? நடவுக் காலத்தில் வயற்காட்டு வரப்பில் விடப்படும் குழந்தையின் நிலையும் அதுவே. இன்று அழுகையை அடக்க, கையில் செல்போனைக் கொடுத்துவிடும் வழக்கமும் வந்துவிட்டது. தெருவிளையாட்டு நல்லதுதான். ஆனால் எளியதிலிருந்து கடினத்திற்கு ஒழுங்குபடுத்தி, ஒவ்வொரு குழந்தையின் வளர்ச்சியையும் கவனிக்கும் ஒருவர் அங்கே இருப்பதில்லை.

கூட்டுறவாளர்களாகிய நமக்கு இது புதிய செய்தியும் அன்று. கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று நாம் போற்றும் ராபர்ட் ஓவன், ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னும் ஊரில் பஞ்சாலை நடத்தியவர். தம் ஆலைத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக 1816-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பாலர் பள்ளியைத் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தை முதல் அதில் சேரலாம். குழந்தைகளை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, புத்தகத்தைக் கொண்டு தொல்லைப்படுத்தக் கூடாது என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். அதற்கு ஆசிரியராக அவர் தேர்ந்தெடுத்தவர் யார்? ஜேம்ஸ் புக்கானன் என்னும் ஏழை நெசவாளி. அவருக்குத் துணையாக மாலி யங் என்னும் இளம்பெண். பெரிய படிப்பில்லாத அவ்விருவரிடம் ஓவன் நாடிய தகுதி, குழந்தைகளிடம் அன்பும் எல்லையற்ற பொறுமையுமே. 1844-இல் ராச்டேலில் 28 பேர் கூடிச் சங்கம் கண்டபோது, அவர்களுள் ஓவனின் கொள்கையில் ஊறியவர்கள் இருந்தனர். அச்சங்கம் பின்னர்த் தன் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கிவைத்தது.

ஜெர்மனியில் பிரபெல் என்னும் அறிஞர் தம் பாலர் பள்ளிக்கு 1840-இல் "குழந்தைகளின் தோட்டம்" என்று பெயரிட்டார். நம் நாட்டில் கிஜுபாய் பதேகா 1920-இல் பாவ்நகரில் பால மந்திரம் கண்டார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்திற்குச் சென்று, ஏழைக் குழந்தைகளின் வீட்டு முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மூலம் அங்கன்வாடிகள் நாடெங்கும் பரவின. தமிழகத்தில் 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் சிறு குழந்தைகளுக்கு உணவளித்தது. இத்தனை பேர் உழைத்த உழைப்பின் பயன் நம் தெருக்கோடியில் இருக்கிறது. நாமோ அதைக் கடந்து வேன் ஏற்றிக் குழந்தையை நகரத்திற்கு அனுப்புகிறோம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிடுவது நியாயமன்று. "என் பிள்ளை என்னைப் போலத் தறிக்குழியில் இறங்க வேண்டாம். ஆங்கிலம் தெரிந்தால்தான் உத்தியோகம்" என்று பெற்றோர் கூறுவது அனுபவத்தில் எழுந்த வார்த்தை. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தை அதைப் பாட்டாகவும் கதையாகவும் காதால் கேட்கட்டும். தாய்மொழியில் தடையின்றிப் பேசத் தெரிந்த குழந்தைக்கு இரண்டாவது மொழி வரும். பேசத் தெரியாத மொழியில் இருபத்தாறு எழுத்தை வரைவதற்கும் ஆங்கிலம் அறிவதற்கும் வெகுதூரம் உண்டு. அந்த வரைபடத்திற்காகக் கம்மலை அடகு வைக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அங்கன்வாடிகளில் குறையே இல்லை என்றும் கூறமாட்டேன். பாடம் சொல்பவரே எடை பார்க்கிறார், பதிவேடு எழுதுகிறார், கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை கூறுகிறார். உதவியாளர் வராத நாளில் அடுப்பையும் அவரே கவனிக்க வேண்டியிருக்கிறது. அத்தகைய நாளில் வகுப்பு பெயரளவில்தான் நடக்கும். ஆனால் குறை கண்டதும் விலகிச் செல்வது கூட்டுறவாளரின் வழி அன்று. உள்ளே சென்று சீர்செய்வதே நம் வழி.

ஆகவே அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். முதலாவதாக, மாதம் ஒரு முறையேனும் தந்தையோ தாயோ அரைமணி நேரம் வகுப்பில் அமர்ந்து பாருங்கள். வகுப்பு ஒழுங்காக நடக்க அதுவே பெரிய துணை. இரண்டாவதாக, மாலையில் குழந்தையிடம் "இன்று என்ன எழுதினாய்?" என்று கேளாமல், "இன்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். மூன்றாவதாக, சட்டத்திற்கும் துணைவிதிகளுக்கும் உட்பட்டுப் பொதுநல நிதியிலிருந்து சிறு தொகை ஒதுக்க முடியுமா என்று பொதுக்குழுவில் ஆலோசியுங்கள். சில பாய்கள், படப் புத்தகங்கள், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி ஆகியவை போதும். நான்காவதாக, பணம் வேண்டாத உதவிகளும் உண்டு. வண்ண நூற்கழிவும் துண்டுத் துணியும் பிசிறில்லாத பழைய கண்டுகளும் நெசவாளரிடம் உண்டு. பருத்திக் காயும் கொட்டாங்கச்சியும் விதைக்கப் பிடி பயறும் விவசாயியிடம் உண்டு. சிறு விதைகளை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கையில் தராதீர்கள்; மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளும். தறியை விட்டு ஓய்ந்த பெரியவர்கள் வாரம் ஒரு நாள் சென்று கதை சொல்லலாம். புக்கானன் என்ற நெசவாளிக்கு முடிந்தது சுந்தரபாண்டியத்து நெசவாளிக்கு முடியாதா?

நெசவாளத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும்போது அதில் கரையும் தெரியாது, பூவும் தெரியாது. அந்த வேலை சரியாக நடந்தால் தறி ஓடும். நடக்காவிட்டால் அறுந்த இழையைப் பிணைப்பதிலேயே பொழுது கழியும். பிலவக்கல் அணைத் தண்ணீரை எதிர்பார்த்து நாற்று விடும் விவசாயியும் இதை அறிவார். நாற்றங்காலில் பசுமையைத்தான் பார்க்கலாம். கதிரை அங்கே யாரும் தேடுவதில்லை. வேர் பிடிக்குமுன் நாற்றைப் பிடுங்கினால் வயலும் வெறுமை, நாற்றங்காலும் வெறுமை.

அந்த மூத்த அங்கத்தினரிடம் நான் புறப்படுமுன் ஒன்று கேட்டுக்கொண்டேன். முன்பணத்திற்கு மனுச் செய்யுமுன், ஒரு நாள் காலையில் பேத்தியை அழைத்துக்கொண்டு தெருக்கோடி வகுப்பில் சற்று உட்கார்ந்து பாருங்கள் என்றேன். அந்த வேண்டுகோளையே எல்லா அங்கத்தினர்கள் முன்னிலையிலும் இப்போது வைக்கிறேன்.