பிளஸ் ஒன் ஆண்டில் ஒரு கேள்வி

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26ஆம் கல்வியாண்டு முதல் இல்லை. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் நேரே பிளஸ் டூவுக்குத் தாவும் வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் அந்தத் தேர்வே வந்தது. அந்த வழக்கம் திரும்பிவிடுமோ என்ற கவலை எங்களுக்கும் உண்டு. ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது. பிறரோடு தாங்கள் எப்படிப் பழகுகிறோம், நெருக்கடியில் என்ன செய்கிறோம், எதைக் கண்டு ஒதுங்குகிறோம் என்று அவர்கள் தங்களையே பார்த்துக்கொள்ள இந்த நேரத்தில் ஒரு பகுதியைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

மென்திறன் வகுப்பு என்ற பெயரில் பள்ளிகளில் இன்று நடப்பது பெரும்பாலும் படிவம் நிரப்புவது. ‘எனக்குத் தலைமைப் பண்பு உண்டு’ என்று ஒரு வரி, எதிரே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். ஐந்தைச் சுழித்தால் தற்பெருமை என்பார்கள், இரண்டைச் சுழித்தால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பிள்ளைகளுக்கு இது தெரியும். வகுப்பு முழுக்க நான்கு விழும்.

கூச்சத்தைத் தாண்டி உண்மையாகவே நிரப்பினாலும் இந்தப் படிவத்தை நம்ப முடியாது. ஏஞ்சலா டக்வொர்த், டேவிட் யேகர் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2015இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தனக்கு மதிப்பெண் போடும் மாணவர் தன்னைச் சுற்றியுள்ளவர்களைத்தான் அளவுகோலாகக் கொள்கிறார். எல்லோரும் கடுமையாக உழைக்கும் வகுப்பில் இருக்கும் பிள்ளை தன்னைச் சோம்பேறி என்று குறித்துக்கொள்ளும். பள்ளி முன்னேறியிருக்கும், படிவத்தில் எண் இறங்கியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் தொகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் தன்னை அறிதலும் ஒன்று. பதினாறு வயதில் அது பொதுப்படையாகக் கேட்டு வருவதில்லை. நடந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கேட்டால்தான் வரும்.

அறிவியல் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். நடுவர்கள் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டார்கள். இந்தக் குழுவின் மோட்டார் ஓடவில்லை. மறுநாள் வகுப்பில் “உங்களில் யாருக்குக் குழுவாக வேலை செய்யும் திறன் இருக்கிறது?” என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும். “மோட்டார் நின்றதும் யார் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவன், “ஒயரை மாத்தினேன் சார்” என்பான். இன்னொருவன் சற்றுத் தயங்கி, “அவன் கையிலேருந்து பிடுங்கினேன்” என்பான். ஒரு மாணவி, “நான் ஒண்ணும் செய்யல சார், அவங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்” என்பாள். மோட்டார் ஓடும்வரை நடுவர்களை நகரவிடாமல் நிறுத்தியவள் அவள்தான். அதைத் தன் கணக்கில் ஒரு வேலையாகவே அவள் எண்ணவில்லை. “என்ன பேசின? முதல்ல எதைச் சொல்லலாம்னு எப்படி முடிவு பண்ணின?” என்று ஆசிரியர் கேட்கும்போதுதான் தான் ஒன்று செய்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியும்.

பிடுங்கியவனைத் திட்டிவிடாதீர்கள். ஒரு முறை திட்டினால் போதும், அந்த வகுப்பில் பிறகு யாரும் உண்மை பேச மாட்டார்கள். “உனக்கு அப்ப என்ன தோணிச்சு? அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப நாம் அவசரப்படுகிறோம். எங்களுக்குத் தெரிந்து ஆசிரியர்களுக்கு மிகக் கடினமான பகுதி அதுதான்.

கண்காட்சி வரைக்கும் போகவேண்டியதுகூட இல்லை. அம்மாவின் சுய உதவிக் குழுக் கணக்கை எழுதுகிற பெண், பாட்டியின் ஓய்வூதியத்துக்காக வங்கியில் நின்று பேசுகிற பையன், சனிக்கிழமை உழவர் சந்தையில் அப்பாவோடு கடை போடுகிற பிள்ளை என்று முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நம் வகுப்புகளில் நிறைந்திருக்கிறார்கள். இவையெல்லாம் திறன் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. வீட்டுப் பாரத்தை மேடையேற்றிப் புகழச் சொல்லவில்லை, கூசிப்போவார்கள். தனியே, அந்த ஒரு செயலைக் குறிப்பிட்டுச் சொன்னால் போதும்.

ஒன்றில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்: இதற்கு மதிப்பெண் கூடாது. மேல்நிலையில் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அகமதிப்பீடு பத்தில் இணைச் செயல்பாடுகளுக்கு 2 மதிப்பெண் இருக்கிறது. அதற்குள் இதையும் நுழைத்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். முப்பருவ முறையில் வளரறி மதிப்பீடு வந்தபோது செயல்திட்டங்களுக்கு என்ன ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்டேஷனரி கடைகளில் ஆயத்தமாகக் கிடைத்தன. மனதைத் திறந்து எழுதும் பக்கத்துக்கும் அந்தக் கதி வர வேண்டாம். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றவும் வேண்டாம். நோட்டு மாணவரிடமே இருக்கட்டும், அவர் காட்டினால் மட்டும் படியுங்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு. தனக்கு நேரும் கொடுமையைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருந்தாலோ சொல்லியிருந்தாலோ அது ரகசியமாக இருக்கக் கூடாது. தலைமையாசிரியருக்கும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் அன்றே போக வேண்டும். இதை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் எப்படிப் பேசுவது என்று கேட்பீர்கள். பேச முடியாதுதான். இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் நடந்ததைச் சொல்லட்டும், மற்றவர் “அப்புறம் என்ன செய்தாய்?” என்று மட்டும் கேட்கட்டும், அறிவுரை சொல்லக் கூடாது. பிறகு இடம் மாறட்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம், கடைசியில் நோட்டில் நான்கு வரி. ஒரு சுற்றில் நான்கைந்து பேரின் அருகில் ஆசிரியர் உட்கார்ந்து கேட்டாலே பெரிது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். வெளியிலிருந்து ஒரு நாள் வந்துபோகும் பயிற்சியாளரால் இது ஆகாது. அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற வகுப்பாசிரியர்தான் செய்ய வேண்டும்.

நேரம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. நன்னெறி வகுப்பு இன்னும் பல பள்ளிகளின் கால அட்டவணையில் இருக்கிறது. அதைக் கணக்குக்கோ இயற்பியலுக்கோ எடுத்துக்கொள்கிறோம். பிளஸ் ஒன் வகுப்புக்கு மட்டுமாவது அந்தப் பாடவேளையைத் திருப்பிக் கொடுக்குமாறு உங்கள் தலைமையாசிரியரிடம் இந்த மாதமே கேளுங்கள்.