பிக்கப்பின் முதுகில் ஏறும் பாரம்

நம் நாட்டுத் தெருக்களிலே பிக்கப் வாகனம் ஓடாத நாளில்லை. கமக்காரரின் விதைநெல்லைச் சுமப்பதும் அதுவே; மீன்பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும் அதுவே; மின்வேலை செய்வோரின் ஏணிக்கும் குழாய் பூட்டுவோரின் குழாய்களுக்கும் இடங்கொடுப்பதும் அதுவே. விடுமுறை வந்ததும் அதே வாகனத்தின் மேல் கூடாரத்தைப் பூட்டிக்கொண்டு, காட்டோரத்திலும் கடலோரத்திலும் இரண்டொரு நாள் தங்கிவரப் புறப்படுவோரும் இன்று உளர். இவ்விரு தேவைகளுக்கும் பின்பெட்டியின் மேல் இறாக்கை ஒன்று வேண்டியிருக்கிறது. எத்தகைய இறாக்கையைத் தெரிவு செய்வது? கடைக்காரர் காட்டும் படத்தின் அழகைப் பார்த்து இதனைத் தீர்மானித்தல் ஆகாது. பாரம், உயரம், பிணைப்பு என்னும் மூன்றையும் ஆராய்ந்த பின்னரே பணத்தை எண்ண வேண்டும்.

முதலிலே பாரத்தைப் பார்ப்போம். இறாக்கை செய்வோர் பெரும்பாலும் இரண்டு எண்களைக் குறிப்பிடுவர். ஒன்று, வாகனம் ஓடும்போது அது தாங்கும் நிறை. மற்றது, நிற்கும்போது தாங்கும் நிறை. பின்னதே பெரிய எண். வாங்குபவரின் கண்ணைக் கவர்வதும் அதுவே. ஆனால் ஓடும் வாகனம் குழியில் விழுந்து எழுகிறது, சடுதியாக நிற்கிறது, வளைவிலே சாய்கிறது. அவ்வேளைகளில் இறாக்கையின் கால்கள் தாங்குவது சுமையின் நிறையை மாத்திரமன்று. அசைவினால் உண்டாகும் விசையையும் சேர்த்தே தாங்குகின்றன. ஆகவே ஓட்டத்துக்கு உரிய சிறிய எண்ணே நமக்கு வழிகாட்டி. கரடுமுரடான பாதைக்கென வேறோர் அளவு தரப்பட்டிருந்தால், அது அதனினும் சிறியதாக இருக்கும். காட்டுப் பாதையிலே அதனையே கொள்ள வேண்டும்.

மாணவர்களுக்காக ஓர் உதாரணம். இறாக்கை ஒன்று தார் வீதியில் 150 கிலோகிராமும் கரடுமுரடான பாதையில் 100 கிலோகிராமும் தாங்கும் எனக் கொள்வோம். கூடாரம் 65, ஏணி 25, குழாய்கள் 40, ஆக 130. தார் வீதியிலே இது பொருந்தும். காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் 30 கிலோகிராம் கீழே இறங்கியே தீர வேண்டும். இரவிலே வாகனம் நிற்கிறது. கூடாரத்தில் 70 கிலோகிராம் நிறையுள்ள மூவர் உறங்கினால், கூடாரத்தோடு 275 ஆகிறது. நிற்கும்போது தாங்கும் நிறை என்னும் பெரிய எண் இங்கேதான் பயன்படுகிறது. இவை யாவற்றுக்கும் மேலாக, இறாக்கையின் சொந்த நிறையும், உள்ளே அமர்ந்திருப்போரின் நிறையும், வாகனம் சுமக்கலாம் என விதிக்கப்பட்ட மொத்தப் பாரத்தில் அடங்கும் என்பதை மறத்தலாகாது. மயிலிறகேயாயினும் அளவு கடந்தால் வண்டிக்குக் கேடு என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே உணர்த்தியது பிக்கப்புக்கும் பொருந்தும்.

அடுத்தது உயரம். 2000 கிலோகிராம் நிறையுள்ள வாகனத்தின் ஈர்ப்பு மையம் நிலத்திலிருந்து 70 சென்றிமீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். முன்சொன்ன 130 கிலோகிராம் சுமையைக் கூரை மட்டத்தில், 180 சென்றிமீற்றர் உயரத்தில் வைத்தால், மையம் ஏறத்தாழ 7 சென்றிமீற்றர் மேலே எழுகிறது. அதே சுமையைப் பின்பெட்டிக்குள் 100 சென்றிமீற்றர் உயரத்தில் வைத்தால் 2 சென்றிமீற்றர் தானும் எழுவதில்லை. மையம் உயர உயர வளைவிலே கவிழும் அபாயம் மிகுகின்றது. முகாமிடுவோருக்குத் தாழ்ந்த இறாக்கை உகந்தது. கூடாரம் காற்றையும் மரக்கிளைகளையும் குறைவாகவே எதிர்கொள்ளும்.

தொழிலாளியின் நிலை வேறு. இருவரிசை ஆசனமுள்ள டொயோட்டா ஹைலக்ஸ் ஏறத்தாழ 5.3 மீற்றர் நீளமுடையது. அதன் பின்பெட்டியோ ஏறத்தாழ 1.5 மீற்றரே. 6 மீற்றர் உருக்குக் குழாயை அதிலே படுக்க வைத்தல் இயலாது. முன்கூரைக்கு மேலாகவே அது செல்ல வேண்டும். அதற்குக் கூரையளவு உயர்ந்த குறுக்குச் சட்டங்கள் தேவை. எனவே இரு தேவையும் உள்ளவருக்கு, உயரத்தை மாற்றக்கூடிய அல்லது மேற்சட்டங்களைக் கழற்றக்கூடிய இறாக்கையே சிறந்தது. ஒன்றைத்தான் வாங்க முடியுமாயின், வாரத்தில் ஆறு நாளும் செய்யும் வேலைக்கு ஏற்றதை வாங்குக. ஒருநாள் உல்லாசம் அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும்.

மூன்றாவது பிணைப்பு. இத்தகைய வாகனங்களில் முன்னறையும் பின்பெட்டியும் அடிச்சட்டத்தின் மேல் தனித்தனியே பொருத்தப்பட்டவை. மேடுபள்ளத்திலே இரண்டும் வெவ்வேறாக அசையும். அவ்விரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தால் இறுகப் பிணைத்தால், நாளடைவில் சட்டம் வெடிக்கும். அன்றேல் தகடு கிழியும். பெட்டியின் ஓரத்தகடு மெல்லியது. அதிலே துளையிட்டுப் பூட்டுவதாயின் அடியிலே தடித்த தகடு கொடுத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். துளையிடாமல் கவ்விப் பிடிக்கும் வகையை வாங்கினால், முதற்பயணம் முடிந்ததும் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். அதிர்வு அவற்றைத் தளர்த்திவிடும்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உருக்கு வலியது, முறிந்தால் எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் திருத்தலாம். ஆயினும் அது பாரமானது; பூச்சு உரிந்த இடத்திலே உப்புக் காற்றுப் பட்டால் கறள் பிடிக்கும். அலுமினியம் இலகுவானது, கறள் பிடியாது. ஆனால் முறிந்தால் தேர்ந்த கைவினைஞரைத் தேட வேண்டும். அலுமினியமும் உருக்கும் நேரே தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். நடுவிலே இறப்பர் வளையம் இடுவது நன்று.

எவ்வளவு நல்ல இறாக்கையாயினும், கட்டாத சுமையை அது காக்காது. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது 25 கிலோகிராம் ஏணி, ஏறக்குறைய 20 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையுடன் முன்னே பாயும். நீண்ட பொருளை ஈரிடத்திலேனும் பட்டியால் இறுக்கி, முன்னே வழுக்காதபடி தடுத்து, பின்னே நீண்டிருக்கும் நுனியிலே சிவப்புத் துணி கட்டுதல் வேண்டும்.

பொருளைச் சேதமின்றிக் கொண்டு செல்வது மாத்திரம் இறாக்கையின் கடன் அன்று. அவ்வாகனத்தின் பின்னே சைக்கிளிற் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை ஒன்று வரக்கூடும். அப்பிள்ளையின் உயிரும் அந்த நட்டுகளிலும் பட்டிகளிலும் தங்கியிருக்கிறது. இறாக்கை வாங்கச் செல்வோர் விலையைக் கேட்குமுன், ஓடும்போது அது எவ்வளவு தாங்கும் எனக் கேட்பார்களாக. அதற்குத் தெளிவான விடை தராத கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாலும் நட்டமில்லை.